‘விடை என்ன?’ இல்லை... ‘எப்படிப் போட்டே?’ - கணக்கைத் தானே உருவாக்கும் மென்பொருள்கள்

பொங்கல் விடுமுறைக்குத் திண்டுக்கல்லில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கரும்பு, வாசல் நிறைய கோலம், எதிர்வீட்டுக் கன்றுக்குட்டிக்கு மாலை என்று வீடே கலகலப்பாக இருந்தது, பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகளைத் தவிர. அரையாண்டுத் தேர்வு பேப்பர் கைக்கு வந்திருந்தது. இயற்பியலில் 70-க்கு 31.

“புக் பேக் கணக்கு ஒண்ணு விடாம போட்டேன் சித்தி. கைடுல இருக்கறதையும் போட்டேன். பரீட்சையில நம்பரை மாத்திட்டாங்க” என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது.

அக்காவுக்குத்தான் ஆறவே இல்லை. “ராத்திரி பதினொரு மணி வரைக்கும் உட்கார்ந்து எழுதுறாடி. நானே பார்த்தேன். ஊரைச் சுத்துற பொண்ணா இருந்தா திட்டிட்டு விட்டுடலாம். இவளை என்னன்னு சொல்றது?”

சரி, பார்ப்போம் என்று புத்தகத்தைத் திறந்தேன். ஒரு பந்தைச் செங்குத்தாக மேல்நோக்கி விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிகிறோம், ஈர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொண்டால்... நான் கேள்வியை முடிக்கவில்லை. “20 மீட்டர்” என்றாள். சரியான விடைதான். (கேள்வியில் இருக்கும் 20-ஐத் திருப்பிச் சொன்னாலே விடை வந்துவிடுகிற கணக்கு இது என்பது வேறு விஷயம்!)

“சரி, வேகம் 17. முடுக்கம் 9.8. இப்போ சொல்லு.”

பேனா அப்படியே நின்றது. ஒரு நிமிஷம் கழித்து, “17-னு எங்க புக்ல இல்லையே சித்தி” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சோம்பேறி இல்லை. அந்தக் கணக்கை ஆறு முறை போட்டிருக்கிறாள். ஆறு முறையும் எண்கள் அதேதான், விடையும் பக்கத்திலேயே இருந்தது. இரண்டாவது முறைக்கு மேல் அவள் மூளை கணக்கைப் போடுவதை நிறுத்திவிட்டு விடையைப் பழகிக்கொண்டது.

அவளுக்கு வேண்டியது ஏழாவது முறை அதே கணக்கு அல்ல. அதே வகையில், முன்பின் பார்க்காத இன்னொரு கணக்கு. அதை யார் தினமும் எழுதிக்கொடுப்பது? ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிவிட்டு எட்டு மணிக்கு வீடு திரும்பும் அம்மாவா? வகுப்பில் ஐம்பது பேரைச் சமாளிக்கும் ஆசிரியரா? இந்த இடத்தில்தான் கம்ப்யூட்டர் உள்ளே வருகிறது. அதுவும் இன்று நேற்றல்ல, நம்மில் பலர் பள்ளிக்கூடமே போவதற்கு முன்பிருந்து!

ஆளுக்கு ஒரு வினாத்தாள்

கம்ப்யூட்டரை வைத்துப் பாடம் நடத்தும் முயற்சி 1960-லேயே அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிவிட்டது. டொனால்ட் பிட்சர் என்ற பொறியாளர் உருவாக்கிய அந்த ஏற்பாட்டின் பெயர் பிளேட்டோ. ஆனால் நம் கதைக்கு நெருக்கமானது, 1992-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது.

எட்வின் காஷி அங்கே அணுக்கரு இயற்பியல் பேராசிரியர். முதலாண்டு இயற்பியல் வகுப்பு என்றால் கூட்டம் அதிகம், வீட்டுப்பாடம் கொடுத்தால் திருத்தி மாளாது. எல்லோருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்தால் ஒருவர் போடுவார், மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள். ஹாஸ்டல் இருக்கும் ஊரில் எல்லாம் இதுதானே நடக்கும்!

காஷியும் அவருடைய சக பேராசிரியர்களும் ‘காபா’ என்ற மென்பொருளை எழுதினார்கள். ஒரே கணக்குதான், ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் எண்கள் வேறு. ஒருவருடைய வண்டி விநாடிக்கு 12 மீட்டரில் போனால் பக்கத்தில் இருப்பவருடைய வண்டி 15.5-ல் போகும். ஆரம்பத்தில் இவை அச்சிட்ட தாளாகத்தான் மாணவர் கைக்குப் போயின. கணக்கைப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் போய் விடையைத் தட்டினால் சரியா, தவறா என்று அப்போதே சொல்லிவிடும். தவறு என்றால் கெடு முடியும்வரை மறுபடி முயற்சி செய்யலாம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், காப்பி அடிப்பதைத் தடுத்தது மட்டும் இல்லை. காபா மாணவர்கள் சேர்ந்து படிப்பதைத் தடுக்கவே இல்லை. தாராளமாகப் பேசிக்கொள்ளலாம். ஆனால் ‘உனக்கு விடை என்ன?’ என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை. அவன் விடை இவனுக்குப் பொருந்தாது. ஆகவே, ‘நீ எப்படிப் போட்டே?’ என்றுதான் கேட்டாக வேண்டும். சொல்கிறவன் விளக்கியாக வேண்டும். எண்ணை மாற்றியதில் நண்பர்களின் பேச்சே மாறிவிட்டது!

காபா பிறகு இணையத்துக்கு வந்து, ‘லான்-காபா’ என்ற பெயரில் யாரும் இலவசமாகப் பயன்படுத்தும் மென்பொருளாக வளர்ந்தது. கணிதத்துக்கு இதேபோல ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ‘வெப்வொர்க்’ வந்தது. இங்கிலாந்தில் கிறிஸ் சாங்வின் என்ற கணிதப் பேராசிரியர் ‘ஸ்டாக்’ என்ற ஒன்றை உருவாக்கினார். நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றுக்கும் பழக்கமான மூடில் தளத்திலேயே ஸ்டாக்கைச் சேர்த்துக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது.

விண்வெளிக்குப் போன பந்து

எண்ணை மாற்றுவது என்ன பெரிய வித்தை, குலுக்கிப் போட்டால் ஆச்சு என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உள்ளே போய்ப் பார்த்தால்தான் கஷ்டம் தெரிகிறது.

முதலில் ஆசிரியர் ஒரு வார்ப்பு தயார் செய்வார். இட்லித் தட்டு மாதிரி. ‘ஒரு பந்து விநாடிக்கு இத்தனை மீட்டர் வேகத்தில் மேலே எறியப்படுகிறது, அது எட்டும் பெரும உயரம் என்ன?’ என்று, எண் வர வேண்டிய இடத்தில் ஒரு குழி. விடைக்கான வழியையும் எழுதிவிடுவார்: வேகத்தை வர்க்கப்படுத்து, ஈர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகு. மென்பொருள் குழியில் ஓர் எண்ணை ஊற்றும், அதே எண்ணை வைத்து விடையையும் கணக்கிட்டுக்கொள்ளும். 5 முதல் 30 வரை, 0.1 இடைவெளியில் வேகத்தை மாற்றினாலே 251 கணக்குகள் கிடைத்துவிடும். உயரத்துக்குப் பதில் நேரத்தைக் கேட்டால் இன்னொரு 251. பாதி உயரத்தில் பந்தின் வேகம் என்ன என்று கேட்டால் மேலும் 251.

அந்த ‘5 முதல் 30 வரை’ என்பதைச் சொல்ல ஆசிரியர் மறந்துவிட்டார் என்று வையுங்கள். மென்பொருளுக்குப் பந்தும் தெரியாது, கையும் தெரியாது. 3,000 என்று ஒரு வேகத்தை எடுத்துக்கொள்ளும். விடை 450 கிலோமீட்டருக்கும் மேல் வரும். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுவதே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான். நம் பந்து அதைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வரும்! அவ்வளவு உயரத்தில் ஈர்ப்பு முடுக்கமும் 9.8 ஆக இருக்காது என்பதால் அந்த விடையும் தப்பு. 30 என்பதே மணிக்கு 108 கிலோமீட்டர். கிரிக்கெட்டின் வேகப்பந்து வீச்சாளர்கள் 140-ஐத் தொடுகிறார்கள். ஆக, மனிதக் கை எறிகிற பந்துக்கு 30 நியாயமான எல்லை.

லென்ஸ் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். குவியத் தொலைவு 20 செ.மீ. உள்ள குவிலென்ஸ், 30 செ.மீ. தூரத்தில் ஒரு மெழுகுவத்தி. பிம்பம் லென்ஸின் அந்தப் பக்கம் 60 செ.மீ. தூரத்தில் விழும், ஒரு வெள்ளைத்தாளை அங்கே பிடித்தால் சுடர் தலைகீழாகத் தெரியும். இப்போது மென்பொருள் 30-க்குப் பதில் 20-ஐக் குலுக்கி எடுத்தால்? மெழுகுவத்தி சரியாகக் குவியத்தில் இருக்கிறது. ஒளிக்கதிர்கள் இணையாகப் போய்விடும், எங்கேயும் சேராது. கணக்கில் பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும். மென்பொருள் திகைத்து நின்றுவிடும். 10-ஐ எடுத்தால் வேறு கதை: பிம்பம் மெழுகுவத்தி இருக்கும் பக்கமே, பெரிதாக, நேராகத் தெரியும். தாத்தா பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடி அதுதான்!

நல்ல வாத்தியார் இங்கே என்ன செய்வார்? 20-ஐ மட்டும் தடுத்துவிட்டு, 10-ஐ வேண்டுமென்றே விட்டுவைப்பார். ‘பிம்பம் மெய்யா, மாயையா?’ என்று கூடவே ஒரு கேள்வியையும் சேர்ப்பார். வெறுமனே எண்களைப் போட்டு வகுத்துக்கொண்டே போகும் மாணவர் அங்கே தடுக்கி நிற்பார். அந்தத் தடுக்கல்தான் பாடம்.

வேதியியலில் ஒரு பிரபலமான வம்பு உண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு லிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மோல் இருந்தால் பி.ஹெச். மதிப்பு 3. பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால் 4. இப்படியே நீர்த்துக்கொண்டே போகச் சொன்னால், பத்து கோடியில் ஒரு பங்கு எனும்போது வார்ப்பு என்ன சொல்லும்? 8 என்று சொல்லும். 7-க்கு மேல் என்றால் காரம். அமிலத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் அது காரமாகிவிடுமா? ஒருநாளும் ஆகாது. அந்த அளவு நீர்த்த நிலையில் தண்ணீரே தரும் ஹைட்ரஜன் அயனிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும், உண்மை விடை சுமார் 6.98. இதை யோசிக்காமல் வார்ப்பை எழுதினால், சரியாகப் போட்ட பிள்ளைக்குத் ‘தவறு’ என்றும் தப்பாகப் போட்ட பிள்ளைக்குச் ‘சபாஷ்’ என்றும் மென்பொருள் சொல்லும். ஒரு தப்பான வார்ப்பிலிருந்து நூறு தப்பான கணக்குகள், அத்தனையும் கம்ப்யூட்டர் சொன்னது என்ற மரியாதையோடு!

உயிரியலுக்கும் மரபியலில் இது நன்றாகவே ஒத்துவருகிறது, பெற்றோரின் ஜீன்களை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் ‘இதயம் எப்படி இயங்குகிறது?’ என்பதில் மாற்ற எண்ணே இல்லையே. அங்கே இந்த வகை மென்பொருள் கையை விரித்துவிடும்.

29.5 என்று எழுதினால்...

கணக்கை உருவாக்குவதைவிடத் திருத்துவதில்தான் ஒரு மென்பொருளின் தரம் தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

17 மீட்டர் வேகக் கணக்குக்கு விடை 14.7 மீட்டர். ஒரு பிள்ளை 14.74 என்று எழுதலாம், இன்னொன்று 14.75 என்று எழுதலாம். இரண்டையும் ஏற்க வேண்டும். அதனால் ஒரு சதவிகிதம், இரண்டு சதவிகிதம் என்று விட்டுக்கொடுக்கும் அளவை ஆசிரியர் குறித்துவைப்பார். அதைக்கூடச் செய்யாத செயலிகள் இருக்கின்றன. ‘14.7 தவறு, சரியான விடை 14.74’ என்று காட்டும். படிக்கிற பிள்ளை நொந்துபோகும்.

இப்போது ஒருவர் 29.5 என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெறுமனே ‘தவறு’ என்று சிவப்பாகக் காட்டலாம். ஆனால் 29.5 எங்கிருந்து வந்தது? 17-ஐ வர்க்கப்படுத்தி 9.8-ஆல் வகுத்தால் அதுதான் வரும். வகுக்கும்போது இருமடங்காக்க மறந்திருக்கிறார். ஆசிரியர் இந்தச் சறுக்கலை முன்கூட்டியே யூகித்து எழுதிவைத்திருந்தால், ‘வகுக்கும் எண்ணை ஒருமுறை சரிபார்’ என்று மென்பொருள் சொல்லும். ஸ்டாக் போன்றவற்றில் இதற்கென்றே ஏற்பாடு இருக்கிறது: இந்தத் தப்பு வந்தால் இந்தக் குறிப்பு, அந்தத் தப்பு வந்தால் அந்தக் குறிப்பு. அந்த யூகம் வகுப்பறையில் பல வருஷம் பேப்பர் திருத்திய அனுபவத்திலிருந்து வர வேண்டும். கம்ப்யூட்டர் வெறும் தபால்காரர்.

கான் எழுதிய முதல் மென்பொருள்

‘கான் அகாடமி’யை எல்லோருக்கும் தெரியும். யூடியூப் வீடியோக்களால் புகழ்பெற்றது. ஆனால் சல்மான் கான் முதலில் செய்தது வீடியோ இல்லை.

2004-ல் அவர் பாஸ்டனில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நியூ ஆர்லியன்ஸில் இருந்த, தங்கை முறையுள்ள பன்னிரண்டு வயதுப் பெண் ஒரு தேர்வில் சறுக்கிவிட்டாள். அலகு மாற்றுவது அவளுக்குப் பிடிபடவில்லை. கிலோமீட்டரை மீட்டராக்குவது மாதிரி விஷயம்தான். அறிவியல் கணக்கில் பாதிப் பேர் விழும் பள்ளம் அதுதானே. வேலை முடிந்ததும் போனில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவள் தேறியதும் மற்ற சொந்தக்காரப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் பயிற்சிக் கணக்கு கொடுத்து மாளவில்லை. உட்கார்ந்து, கணக்கைத் தானே உருவாக்கித் தானே திருத்தும் ஒரு சின்ன மென்பொருளை எழுதினார். வீடியோ வந்தது அதற்குப் பிறகு, 2006-ல், ஒரு நண்பர் சொன்ன யோசனையில்.

வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். சமையல் வீடியோ பார்க்கும்போது நமக்கும் அல்வா கிளறத் தெரிந்த மாதிரி இருக்குமே, அதுபோல!

கலந்து கொடுத்தால் என்ன ஆகும்?

ஒரே வகைக் கணக்கைப் பத்து முறை போட்டுவிட்டு அடுத்த வகைக்குப் போவதா, கலந்து கட்டிப் போடுவதா? அமெரிக்காவின் சவுத் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்ம வடிவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு குழு வகை வகையாகப் பிரித்துப் போட்டது. இன்னொரு குழு கலந்து போட்டது. பயிற்சியின்போது பிரித்துப் போட்டவர்கள் 89 சதவிகிதம் சரி, கலந்து போட்டவர்கள் 60-தான்.

ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தார்கள். பிரித்துப் போட்டவர்கள் 20. கலந்து போட்டவர்கள் 63!

காரணம் எளிது. பாடத்தின் பெயரைத் தலைப்பாகப் போட்டு அதன்கீழ் கணக்கு கொடுத்தால், எந்தச் சூத்திரம் என்று பிள்ளை யோசிக்கவே தேவையில்லை. பரீட்சையில் தலைப்பு இருக்காது. என் அக்கா மகள் வீட்டில் நன்றாகப் போட்டதும் பரீட்சையில் விழுந்ததும் ஏன் என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கலந்து கொடுப்பது மனிதருக்கு அலுப்பான வேலை, மென்பொருளுக்கு ஒரு நொடி வேலை. பயிற்சி நேரத்தில் மார்க் குறைகிறதே என்று வீட்டில் யாரும் பதறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கவிதா எறிகிறான்!

ஆங்கிலத்தில் வார்ப்பு எழுதுவது சுலபம். பெயரை மாற்றினாலும் பொருளை மாற்றினாலும் வாக்கியம் அப்படியே நிற்கும். தமிழில் எழுதிப் பாருங்கள், தெரியும் சேதி. ‘முருகன் ஒரு பந்தை எறிகிறான்’ என்பதில் முருகனை எடுத்துவிட்டுக் கவிதாவைப் போட்டால் ‘கவிதா எறிகிறான்’ ஆகிவிடும். தாத்தாவைப் போட்டால் ‘தாத்தா எறிகிறான்’, வீட்டில் அடி விழும்!

பொருளை மாற்றினாலும் இதே தொல்லை. பந்து, பந்தை ஆகிறது. கல், கல்லை ஆகிறது. மாம்பழம், மாம்பழத்தை ஆகிறது. ‘ஐ’ சேர் என்று மட்டும் சொன்னால் மென்பொருள் ‘மாம்பழம்ஐ’ என்று ஒட்டிவைக்கும். தமிழ் இலக்கணம் தெரிந்த ஒருவரும் நிரல் எழுதத் தெரிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் தீரக்கூடிய சிக்கல்தான் இது. ஆனால் யாராவது உட்கார வேண்டுமே. நான் போனில் இறக்கிப் பார்த்த பயிற்சிச் செயலிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் பேசின. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை, தனக்குத் தெரிந்த கணக்கையே கேள்வி புரியாமல் தவறவிடும்.

‘பிறகென்ன, செயற்கை நுண்ணறிவுதான் தமிழில் எழுதுகிறதே’ என்று கேட்பீர்கள். சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்ததிலிருந்து பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. ‘லென்ஸ் பற்றிப் பத்துக் கணக்கு கொடு’ என்றால் நொடியில் கொடுக்கிறது, கவிதா சரியாக எறிகிறாள்!

நானும் அப்படி ஒரு செயலியிடம் கேட்டேன். பெயர் வேண்டாம். பத்தில் ஒன்று இப்படி இருந்தது: குவியத் தொலைவு 20 செ.மீ., பொருள் 15 செ.மீ. தூரத்தில், பிம்பம் விழத் திரையை எங்கே வைக்க வேண்டும்? விடை 60 செ.மீ. என்று அழகாக வழிமுறையோடு போட்டிருந்தது. பொருள் குவியத்துக்கு உள்ளே இருக்கிறது, அது பூதக்கண்ணாடி நிலை. பிம்பம் திரையில் விழவே விழாது! எண் சரி, கேள்வியே தப்பு.

வார்ப்பு முறையில் விடையை மென்பொருள் கணக்கிடுகிறது. வார்ப்பு சரியாக இருந்தால் நூறும் சரி. உரையாடும் செயலிகள், படித்த கோடிக்கணக்கான வாக்கியங்களின் சாயலில் அடுத்த வார்த்தையைக் கோக்கின்றன. சிலவற்றில் பின்னால் கால்குலேட்டரும் ஓடுகிறது என்பதால் முன்பைவிடப் பிழை குறைவுதான். ஆனாலும் பிள்ளை தனியாக உட்கார்ந்து அதை நம்பிப் படிக்கும்போது, தப்பைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? என் யோசனை: கேள்வியை மட்டும் அதனிடம் வாங்குங்கள். விடையைப் பிள்ளை போடட்டும். பிறகு இரண்டும் ஒத்துப்போகாத கணக்கை மட்டும் ஆசிரியரிடம் கொண்டுபோகட்டும். அந்தக் கணக்கில் பிள்ளையும் தப்பாக இருக்கலாம், செயலியும் தப்பாக இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் லாபம்தான்.

பணம் கட்டுவதற்கு முன்னால் இன்னொன்று. ‘பத்தாயிரம் கேள்விகள்’ என்று விளம்பரம் செய்யும் செயலியை நாங்களும் ஒரு வருஷச் சந்தா கட்டி வாங்கினோம். தப்பாகப் போட்ட கணக்கை மறுபடி திறந்தால் அதே எண்கள், அதே நான்கு விடைகள். மூன்றாவது தடவை ‘சி’ என்று அமுக்கத் தெரிந்தால் போதும். அது கேள்வி வங்கி, கேள்வி உருவாக்கும் மென்பொருள் இல்லை. இலவசச் சோதனைக் காலத்திலேயே ஒரே கணக்கை இரண்டு முறை திறந்து பாருங்கள். எண் மாறுகிறதா என்று பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறக்கலாம்.

டப்பாவில் குலுக்கிய சீட்டு

பொங்கல் முடிந்து நான் கிளம்புவதற்கு முந்தின நாள், அக்காவின் சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தேன். 5 முதல் 30 வரை எண்களைச் சீட்டில் எழுதி மடித்துப் போட்டோம். அவள் ஒரு சீட்டை எடுப்பாள், அதுதான் பந்தின் வேகம். முதல் நாலு கணக்கு தட்டுத் தடுமாறினாள். ஐந்தாவதில், “சித்தி, வேகம் ரெண்டு மடங்கானா உயரம் நாலு மடங்காகுது, பார்த்தீங்களா!” என்றாள். 11-ம் 22-ம் அடுத்தடுத்து வந்திருந்தது. புத்தகத்தில் இருந்த ஒற்றை 20-ஐ வைத்துக்கொண்டு அதை அவளால் பார்த்திருக்கவே முடியாது.

பிறகு என் போனில் கூகுள் ஷீட்ஸைத் திறந்து ‘ரேண்ட்பிட்வீன்’ என்ற கட்டளையைக் காட்டினேன். இரண்டு எல்லைகளைக் கொடுத்தால் நடுவில் ஓர் எண்ணைத் தானாகத் தரும். எக்செல்லிலும் உண்டு. பக்கத்துக் கட்டத்தில் விடைக்கான சூத்திரத்தைப் போட்டு, எழுத்தின் நிறத்தை வெள்ளையாக்கிவிட்டால் விடை மறைந்துவிடும். நிறத்தை மறுபடி கறுப்பாக்கினால் தெரியும். இவ்வளவுதான், வீட்டுக்கு ஒரு காபா தயார்.

மறுநாள் பஸ்ஸில் வரும்போதே வாட்ஸ்அப்பில் புகார் வந்தது. “விடையை டைப் பண்ணா கேள்வியே மாறிடுது சித்தி!” உண்மைதான். தாளில் எதைத் திருத்தினாலும் அந்தக் கட்டளை புது எண்ணைக் குலுக்கிவிடும். பெரிய மென்பொருள்களில் இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு விதை எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். ஒரு விதையிலிருந்து எத்தனை முறை முளைத்தாலும் அதே எண்கள்தான் வரும். நாளைக்குத் திறந்தாலும் உங்கள் கணக்கு உங்களுக்கே இருக்கும். “நீ விடையை நோட்டில் எழுது” என்று பதில் அனுப்பினேன்.

போன வாரம் பத்தாவது படிக்கும் அவள் தம்பிக்கு லென்ஸ் கணக்கு வரவில்லையாம். அவளே ஒரு ஷீட் தயார் செய்து கொடுத்திருக்கிறாள். குவியத் தொலைவு 20, பொருளின் தூரம் 5 முதல் 60 வரை. நான் வீடியோ காலில் இருந்தபோதே தம்பி போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

“அக்கா, உன் ஷீட் ஒடஞ்சுபோச்சு. விடை கட்டத்துல ஏதோ எரர்னு வருது.”

அவள் எட்டிப் பார்த்தாள். பொருளின் தூரம் 20 என்று இருந்தது. சிரித்துக்கொண்டே நோட்டை இழுத்து ஒரு லென்ஸ் வரைந்தாள். “அது ஒடையலைடா. மெழுகுவத்தியைக் கரெக்டா குவியத்துல வெச்சிருக்கு. இங்க வா, கதிர் எங்க போகுதுன்னு நீயே போட்டுப் பாரு.”

என்னை இருவரும் மறந்தே போனார்கள். போன் மேஜைமேல் சாய்ந்து, நான் ரொம்ப நேரம் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.